பனிக்கட்டியின்மேல் ஒரு திருவிழா

வெயிலிலே பிறந்து வெயிலிலே வளர்ந்த நமக்கு ஆறு கல்லாய் இறுகிப்போவதென்பது கதைபோலத் தோன்றும். அவ்வாறு இறுகிய ஆற்றின்மேல் ஓர் ஊரே திரண்டு விளையாடும் அற்புதத்தைக் காண விரும்புவோர், ஹாலந்து தேசத்துச் சித்திரக்காரர் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் சுமார் 1608-ல் எழுதிய படத்தைப் பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூஸியத்தில் அது இருக்கிறது.

படத்தை நெருங்கிப் பார்ப்போம். எண்ணி மாளாத சிறு சிறு உருவங்கள்! பாதரட்சையில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள் சிலர். வளைகழியால் பந்தடிக்கிறார்கள் சிலர். கால் வழுக்கி விழுந்து கிடக்கிறார்கள் வேறு சிலர். பட்டுடுத்த சீமாட்டிக்கும் பாட்டாளிக்கும் அங்கே தரை ஒன்றுதான். வழுக்குவதில் பனிக்கட்டி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை அல்லவா?

ஆனால் இடப்புற மூலையையும் கவனிக்க வேண்டும். பழைய கதவொன்றைக் கோலால் முட்டுக்கொடுத்துப் பறவைகளுக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். அருகே செத்த மிருகமொன்றை நாய் கடித்துத் தின்கிறது. 1607-08ஆம் ஆண்டுக் குளிர் ஐரோப்பாவை வாட்டியெடுத்த கொடுங்குளிர். அதன் கொடுமையைச் சித்திரக்காரர் மறைக்கவில்லை. அதன் நடுவே பிறந்த ஆனந்தத்தையும் விடவில்லை.

அக்காலத்தில் டச்சுக்காரர்கள் தங்கள் சுதந்திரத்துக்காக ஸ்பெயினுடன் போராடிக்கொண்டிருந்தனர். 1568-ல் மூண்ட யுத்தம் 1648-ல்தான் முற்றிலும் ஓய்ந்தது. இடையே 1609 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் போர்நிறுத்தம் இருந்தது. அந்த ஜனங்களின் சித்திரக்காரர் தம் தூரிகையை அரண்மனைக்குக் கொண்டுபோகாமல் ஊராரிடம் கொண்டுவந்தார். சாமானிய மனிதர் விளையாடுவதும் விழுவதும் எழுவதும் படமாக்கத் தக்கவை என்று கருதினார்.

இன்னொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. ஆவர்காம்ப் பேச இயலாதவர். 'காம்பன் ஊரின் ஊமை' என்றே அவரை அழைத்தனர். காதும் கேளாதவர் என்பர். அப்படியானால், இத்தனை சிரிப்பையும் கூச்சலையும் அவர் கண்ணாலேயே கேட்டிருக்க வேண்டும்!

ஹாலந்தின் குளிர் இப்போது தணிந்துவிட்டது. அத்தேசத்தின் வடக்கே பிரீஸ்லாந்தில், பதினொரு நகரங்களைச் சுற்றிச் சுமார் 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் புகழ்பெற்ற பந்தயம் ஒன்று உண்டு. வழி நெடுகிலும் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு நீர் உறைந்தால்தான் அதை நடத்துவார்கள். 1997-க்குப் பிறகு அது நடைபெறவேயில்லை. ஆகவே டச்சுக் குழந்தைகள் தங்கள் முன்னோரின் குளிர்காலத் திருவிழாவைக் காண அந்தப் படத்திடந்தான் செல்ல வேண்டியிருக்கிறது. நாமும் அவர்களோடு ஒரு மூலையில் நின்று பார்ப்போம்.