மொட்டை மாடிக்குக் கீழே ஒரு வகுப்பறை

நந்தனம் என்ற சொல்லுக்குத் தேவலோகத்துப் பூந்தோட்டம் என்று பொருள். சென்னையின் நந்தனத்தில் அந்தப் பெயருக்கு இன்றும் ஓரளவு பொருந்தி நிற்பது, 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மரங்கள் அடர்ந்த வளாகம். ஏப்ரல் மாதப் பிற்பகலில் அத்தகைய மரநிழலில் ஒரு வெப்பமானியையும், சுற்றுவட்டாரத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தள வகுப்பறையில் இன்னொன்றையும் வைத்தால், இரண்டும் காட்டும் எண்கள் அதிகம் வேறுபடாமலே போகலாம். ஆனால் நிழலில் நிற்பவர் இளைப்பாற, வகுப்பறையில் அமர்ந்திருப்பவர் வெந்துபோகிறார்.

இந்த வேறுபாட்டை விளக்குவதே 'வெப்ப இதம்' என்னும் கருத்து. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில் வகுத்துத் தந்தபடி, மனித உடல் உணரும் வெப்பத்தை ஆறு காரணிகள் தீர்மானிக்கின்றன. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டத்தின் வேகம், சுற்றியுள்ள பரப்புகள் உமிழும் கதிர்வீச்சு வெப்பம் ஆகிய நான்கும் சூழலைச் சேர்ந்தவை. உடுத்திய உடை, செய்யும் வேலை ஆகிய இரண்டும் மனிதரைச் சேர்ந்தவை. வெப்பமானி இவற்றில் முதலாவதை மட்டுமே சொல்கிறது. மரத்தின் இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அவை அதிகம் சூடேறுவதில்லை. வகுப்பறையின் உட்கூரையோ உடலைவிடச் சூடாகி, மாணவரின் தலைமீது ஓயாமல் வெப்பத்தை உமிழ்கிறது.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது சுவர்களைவிட மொட்டை மாடியே வெயிலின் பெரும்பங்கை வாங்குகிறது. வாங்கிய வெப்பத்தைக் கான்கிரீட் தளம் உடனே கீழே விடுவதில்லை. தனக்குள் சேமித்து, சில மணி நேரம் தாழ்த்தி உள்ளே அனுப்புகிறது. வெளியே வெயில் தணியத் தொடங்கும் மூன்று, நான்கு மணிக்கு, களைத்த பிள்ளைகள் கடைசிப் பாடவேளைக்கு உட்காரும் சமயத்தில், அறையின் கூரை உச்ச வெப்பத்தை எட்டுவது இதனால்தான். செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் பாவிய பழைய மதராஸ் டெரஸ் கூரையின் கனமும், அதன்கீழ் இருந்த உயரமான அறையும் இந்த வெப்பத்தை வெகுவாகத் தடுத்தன.

ஏழைப் பள்ளிகளுக்கு அந்தப் பாதுகாப்பைக் கீற்றுக் கூரை மிக மலிவாகக் கொடுத்துவந்தது. ஓலை அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஓலை அதைச் சேமித்தும் வைக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்ட பிறகு, தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அந்த முடிவு முற்றிலும் சரியானது; அதை மறுபரிசீலனை செய்ய இடமே இல்லை. ஆனால் தீயை விலக்கியபோது கீற்று தந்த குளிர்ச்சியும் சேர்ந்தே போயிற்று என்பதையும், அதன் இடத்தில் வந்த கான்கிரீட் தளத்துக்கோ தகரத்துக்கோ மேல் வெப்பத் தடுப்பு எதுவும் பெரும்பாலும் போடப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோடையில் சென்னை வீடுகள் பலவற்றில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பளிச்சென்ற வெண்பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பள்ளிக்கூட மாடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்வது பெரிய செலவன்று.

கூரைக்கு அடுத்தது காற்று. கடலுக்கு அருகிலிருக்கும் நகரத்தில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும், ஆவியாவதற்குக் காற்று நகர்ந்தாக வேண்டும். மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை, ஆனால் அதன் காற்று நேரே படுபவருக்குச் சுமார் 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். மூலை பெஞ்சில் இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு ஒரு சுவரில் மட்டும் ஜன்னல் இருந்தால் போதாது. வெளியேற எதிர்ச் சுவரில் வழி இல்லாத அறைக்குள் காற்று அதிகம் நுழைவதில்லை. தாழ்வாரப் பக்கத்து ஜன்னலை அலமாரி வைத்து அடைப்பது, அறையின் மூச்சை அடைப்பதற்கு ஒப்பாகும்.

அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளின் ஓரத்தில் இரைச்சலுக்கும் தூசிக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தி, வசதியுள்ள பள்ளிகள் ஏசி பொருத்துகின்றன. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது என்பது பெற்றோரில் பலர் அறியாத செய்தி. 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 40 மாணவர்கள், ஆளுக்கு மணிக்கு 15 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுவதாகவும், காற்று புக வழியே இல்லை என்றும் கொண்டால், கால் மணி நேரத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயுவின் அளவு சுமார் 1,200 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் அது மொத்தமே ஏறத்தாழ 420 பங்குதான். 1,000 பங்கு என்ற எல்லையை ஜெர்மானிய அறிஞர் பெட்டன்கோஃபர் 1858இலேயே முன்வைத்தார். அந்த அளவில் வாயு நஞ்சாகிவிடுவதில்லை. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை அது காட்டுகிறது, தொற்று பரவும் வாய்ப்பும் அதோடு கூடுகிறது.

வெப்பத்தின் காரணமாக 2023இலும் 2024இலும் தமிழகத்தில் பள்ளித் திறப்பு ஜூன் மாதத்தில் தள்ளிப்போயிற்று. 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராகவும் அறிவிக்கப்பட்டது. இருந்தும் கழுத்துப் பட்டையும் காலுறையும் மூடிய காலணியும் அதே ஜூனில் பல பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக இருக்கின்றன. ஃபாங்கரின் ஆறு காரணிகளில் ஒரு சுற்றறிக்கையால் மாற்றிவிடக்கூடியது உடை ஒன்றுதான்.

இன்னொன்று, மாலையில் ஜன்னல்களைச் சாத்தும் வழக்கம். பகலெல்லாம் தளத்தில் சேர்ந்த வெப்பம் இரவிலும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அறை பூட்டிக் கிடந்தால் அது உள்ளேயே தங்கி, காலையில் கதவைத் திறக்கும் முதல் மாணவரின் முகத்தில் அடிக்கிறது. கம்பியும் கொசுவலையும் பொருத்திய ஜன்னல்களை இரவு முழுவதும் திறந்து வைத்தால், முதல் மணி அடிப்பதற்குள் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியாவது வெளியேறியிருக்கும்.