நடை பயிற்றும் கல்வி

அல்சூர் ஏரிக்கரையை அடுத்த தெரு ஒன்றில் வாழும் அன்பர் ஒருவர், சென்ற திங்கள் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த குடும்பம்; மூன்றாம் தலைமுறை இப்போது தலையெடுத்திருக்கிறது. மூத்த மகள் இயன்முறை மருத்துவத்தில், அதாவது பேச்சு வழக்கில் நாம் பிசியோதெரபி என்று சொல்லும் துறையில், பட்டம் பெற்று ஓராண்டாகிறது. அதே துறையில் முதுநிலைப் பட்டமும் பெற வேண்டும் என்பது அவள் விருப்பம். ஊரில் எஞ்சியிருக்கும் முக்கால் ஏக்கர் நிலத்தை விற்று அவளைப் படிக்க வைப்பதா, அன்றி அதை அவள் திருமணத்திற்கென்று காப்பதா என்பது தந்தையின் கலக்கம்.

"கைகால் பிடித்துவிடும் வேலைக்கு இரண்டு பட்டம் எதற்கு, ஐயா?" என்று அவர் கேட்டார். மகளின் முகம் வாடியதை நாம் கண்டோம். இக்கேள்வி அந்த ஒரு வீட்டில் மட்டும் எழுவதன்று. ஆகவேதான் இங்கே எழுதத் துணிந்தோம்.

அவர் கேள்விக்குரிய விடை அந்த வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருந்தது. பாட்டியாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் கண்டு, வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. மருத்துவர்கள் உயிரைக் காத்து அனுப்பினர். வீட்டார் அன்பு மிகுதியால் செய்த முதற்காரியம், விழுந்த கையைப் பற்றியே அவரைத் தூக்கி உட்கார வைத்ததுதான். தோளைத் தாங்கும் தசைகள் வலுவிழந்திருக்கும் வேளையில் அவ்வாறு இழுத்தால், மூட்டு தன் குழியினின்று நழுவக்கூடும். பிறகு அந்த வலி நெடுநாள் விடாது. இதை நம் வீடுகள் பலவற்றில் கண்டிருக்கிறோம். பெயர்த்தி அப்போது மாணவி. அவள் கையை இழுப்பதை நிறுத்தினாள். முதுகுப்புறம் தாங்கல் கொடுத்து, பாட்டியார் தாமே ஒருக்களித்துப் புரண்டு எழும்படி செய்தாள். நாற்காலியிலிருந்து எழுவதையும் அமர்வதையும் நாள்தோறும் பலமுறை பழக்கினாள். மூளையின் ஒரு பகுதி கெட்டால், எஞ்சிய பகுதிகள் அதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ள வல்லவை. ஆனால் அக்கற்றல், நோயாளி தாமே ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதனால் வருவது. பிறர் எண்ணெய் தேய்த்து விடுவதனால் வாராது. இன்று பாட்டியார் ஊன்றுகோலுடன் கொல்லைப்புறம் வரை தாமே சென்று வருகிறார். இதைப் பிடித்துவிடும் வேலை என்று எப்படிச் சொல்வது?

இத்துறையின் பெருமையை அறிய நாம் சீமைக்குச் செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1948ஆம் ஆண்டு முதல், டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தலானார். முன்கையில் நலமாக இருக்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களில் இணைப்பது அவர் முறை. அறுவை முடிந்தவுடன் கை பயன்பட்டுவிடுமா என்றால், பயன்படாது. நேற்றுவரை வேறு வேலை பார்த்த தசை, இன்று விரலை ஆட்ட வேண்டும் என்பதை நோயாளி புதிதாகக் கற்றாக வேண்டும். அதை வாரக்கணக்கில் அருகிருந்து கற்பிப்பவரே இயன்முறை மருத்துவர். கத்தியின் வேலை சில மணி நேரம். கற்பிப்பவரின் வேலை பல வாரம். அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் இரண்டும் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று அத்துறைக்கே தலைமை ஏற்றார். வேலூரின் மறுவாழ்வு நிலையம் 1966இல் எழுந்தது. அவர் மருத்துவர், இயன்முறை மருத்துவர் அல்லர். எனினும் அவ்விரு துறையினரும் ஒருவரையொருவர் நம்பி நின்ற இடம் அது.

இந்திய நாட்டில் இக்கல்விக்கு முறையான பள்ளி 1953இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு தோன்றியது. இளம்பிள்ளைவாதம் குழந்தைகளின் கால்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் பெங்களூரிலும், அந்நோயால் தாமே தாக்குண்ட என்.எஸ். ஹேமா என்னும் அம்மையார் 1959இல் உடற்குறையுடையோர்க்கான சங்கம் ஒன்றை நிறுவினார். இன்றும் அது தொண்டாற்றி வருகிறது. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய இளம்பிள்ளைவாதக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை தாக்குண்டது 2011 சனவரியில். அந்நோய் ஒழிந்தது, இத்துறைக்கு வேலை ஒழியவில்லை. பக்கவாதம், இருசக்கர வண்டி விபத்து, தேய்ந்த முழங்கால், கணினி முன் குனிந்து கெட்ட கழுத்து, பிறவியிலேயே மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் என நோயாளிகள் பெருகியே வருகின்றனர்.

இனி, படிப்பைப் பற்றி. கர்நாடகத்தில் இக்கல்லூரிகள் பலவும் 1996இல் தொடங்கிய ராசீவ் காந்தி மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பி.பி.டி. என்னும் முதற்பட்டத்திற்குப் பின் எம்.பி.டி. இரண்டாண்டு, ஆய்வேடு ஒன்றும் எழுதியாக வேண்டும். எலும்பு மூட்டும் விளையாட்டுக் காயமும், நரம்பு, இதயமும் நுரையீரலும், குழந்தைகள், சமூக மறுவாழ்வு எனப் பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவு என்பதைச் சேருமுன் துணிந்தாக வேண்டும். படித்து முடித்த சூட்டில் சேருவோர், தோழியர் சேரும் பிரிவிலேயே தாமும் சேர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஓராண்டேனும் நோயாளிகளின் படுக்கையருகே வேலை பார்த்த பின் சேர்வதே நன்று என்பது நம் கருத்து.

கல்லூரியைத் தேரும்போது கட்டடத்தைப் பாராதீர்கள். நோயாளிகள் வருகிறார்களா, எத்தகைய நோயாளிகள், அவர்களை மாணவர் தம் கையால் பழக்க இயலுமா என்று கேளுங்கள். நரம்பு நோயாளிகள் குவியும் நிம்ஹான்சும், எலும்பு முறிந்தோர் வந்து சேரும் சஞ்சய் காந்தி மருத்துவமனையும் உள்ள ஊர் இது. அத்தகைய இடங்களில் பயிற்சி கிட்டாத முதுநிலைப் பட்டம் வெறுந்தாளே.

பட்டம் வந்ததும் ஊதியம் இருமடங்காகும் என்று எண்ணி நிலத்தை விற்பவர் ஏமாறக்கூடும். கல்லூரி ஆசிரியப் பணியை நாடுவோர்க்கு அது இன்றியமையாதது; ஒரு பிரிவில் ஆழ விரும்புவோர்க்கும் அவ்வாறே. வெளிநாட்டை எண்ணுவோர் வேறொன்றும் அறிய வேண்டும். அமெரிக்காவில் இத்தொழிலுக்குரிய பட்டம் இப்போது மூன்றாண்டு முனைவர் நிலைப் படிப்பாகிவிட்டது. நம் எம்.பி.டி.யை வைத்துக்கொண்டு அங்கு இறங்கியவுடன் பணியாற்ற முடியாது. கல்வித் தகுதியை மதிப்பிடச் செய்து, உரிமத் தேர்வும் எழுத வேண்டும். இதை மறைத்துப் பேசும் தரகரிடம் பணம் கொடாதீர்கள்.

நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்துறையில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. மாத்திரை எழுதித் தருபவர்க்கு நாலு சொல் போதும். நடை பழக்குபவர் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "பாரத்தை இந்தக் காலில் வையுங்கள், அஞ்சாதீர்கள், நான் பிடித்திருக்கிறேன்" என்பதை நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைத்தெருவில் உருதும் தெலுங்கும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது எளிது. கன்னடத்தைப் படிக்கவும் எழுதவும் கற்பியுங்கள். பாட்டியார் முதலில் சென்ற ஓரிடத்தில், சொல்வது விளங்காமல் அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார். பயிற்சி ஒன்றும் நடைபெறவில்லை.

இளைய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். கர்நாடக அரசு ஒதுக்கும் தொழிற்கல்வி இடங்களுக்குப் பொதுவான தகுதி, முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஏழு ஆண்டுகளேனும் இம்மாநிலத்தில் படித்திருப்பது. பிள்ளையைச் சில ஆண்டுகள் ஊரில் தாத்தா வீட்டில் விட்டுப் படிக்க வைப்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள்.

அன்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். மகள் குழந்தைகள் பிரிவில் ஓராண்டு வேலை பார்ப்பது, பிறகு சேர்வது, அதுவரை நிலத்தைத் தொடாதிருப்பது என்று ஒருவாறு பேசி முடிந்தது. நாம் விடைபெற எழுந்தபோது பாட்டியாரும் எழுந்து, வாயில்வரை மெல்ல நடந்து வந்தார்.

"நிலம் என் பேரில் அல்லவா இருக்கிறது? என்னை ஒருவரும் கேட்கவில்லையே!" என்றார்.

மகனார் திகைத்து நின்றார். பெயர்த்தி சிரித்துக்கொண்டே உள்ளே சென்று, நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினாள். பக்கம் பக்கமாகப் பாட்டியாரின் கையெழுத்து, வலக்கையால் எழுதியது. முதற் பக்கத்தில் வெறுங்கோடுகள். கடைசிப் பக்கத்தில் பெயர் முழுமையாக இருந்தது.

"அடுத்த ஆண்டு பத்திர அலுவலகத்தில் இடக்கை விரல் ரேகை வைக்க மாட்டேன்" என்றார் பாட்டியார்.