வெள்ளம் தெய்வச் செயலா?

நியாய ஸ்தலங்களில் 'தெய்வச் செயல்' என்றொரு எதிர்வாதம் உண்டு. மனிதனுடைய முன்யோசனைக்கும் ஜாக்கிரதைக்கும் அப்பாற்பட்ட சக்தியால் நேர்ந்த நஷ்டத்திற்கு ஒருவரும் பொறுப்பாளியல்ல என்பது அதன் சாரம். ஒவ்வொரு பெருவெள்ளத்திற்குப் பிறகும் சர்க்கார் இவ்வாதத்தையே புகலிடமாகக் கொள்ளுகிறது. 2015-ஆம் வருஷத்துச் சென்னை வெள்ளத்தில் இது எவ்வளவு தூரம் செல்லுமென்று பரிசீலிப்போம்.

அவ்வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழை சாமான்யமானதன்று. மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அதைத் தடுக்க எந்தச் சர்க்காராலும் இயலாது. அடையாற்றில் பெருகிய நீர் முழுவதும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்தே வந்ததென்பதும் சரியன்று. வேறு பல ஏரிகளின் உபரி நீரும் அதில் கலந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே நமது வழக்கு ஆரம்பமாகிறது.

ஆபத்து எச்சரிக்கையின்றியா வந்தது? நவம்பரில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. இன்னொரு பெருமழை வந்தால் அந்த நீர் எங்கே போகும் என்று அதிகாரிகள் யோசித்திருக்க வேண்டிய சமயம் அது. டிசம்பர் முதல் தேதியன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் நீர் வீட்டிற்குள் புகுந்த பிறகே செய்தியறிந்தன.

2018 ஜூலையில் சட்டசபையின் முன் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இதை மனிதரால் விளைந்த விபத்தென்றே குறிப்பிட்டது. ஏரிக்கு அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கப்படாததையும் எடுத்துக்காட்டியது. இது எதிர்க்கட்சி மேடைப் பேச்சன்று. அரசியல் சாசனம் நிறுவிய ஓர் அதிகாரியின் முடிவு.

வேறு விதமாக நடந்திருக்க முடியுமா என்று கேட்போருக்கு 2020 நவம்பரே பதில். நிவர் புயலின்போது, ஏரி முழுவதும் நிரம்பும் வரை காத்திராமல், 24 அடி ஆழத்தில் 22 அடி எட்டியதுமே, முன்கூட்டி அறிவித்து, 1,000 கன அடியில் தொடங்கிப் படிப்படியாக நீர் திறக்கப்பட்டது. அதே ஏரி, அதே மதகுகள். அன்று சாத்தியமான ஜாக்கிரதையை ஐந்து வருஷத்திற்கு முன் தெய்வமா தடுத்தது?

ஆயினும் ஒரு தடவை காட்டிய சிரத்தை நிரந்தர ஏற்பாடாகிவிடாது. வெள்ளத்தை உறிஞ்ச வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைக்கும் பலியாகிவிட்டது. 2023 டிசம்பர்ப் புயலில் அதையடுத்த வேளச்சேரி மீண்டும் மூழ்கிற்று. 2021-ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம், ஏற்கெனவேயுள்ள அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் வகுக்க ஐந்து வருஷத் தவணை கொடுத்தது. தவணை கொடுத்துவிட்டதாலேயே கடன் தீர்ந்துவிடுமா?

நாம் கோருவது அற்புதமன்று. எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் திறக்கப்படும் என்ற விதியைப் பிரசுரிக்கட்டும். எத்தனை கன அடிக்கு எந்தத் தெரு மூழ்கும் என்ற படம் ஒவ்வொரு வார்டிலும் தொங்கட்டும். திறக்க உத்தரவிடும் அதிகாரி இன்னாரென்று ஜனங்களுக்குத் தெரியட்டும். பொது ஊழியத்தில் ஈடுபட்டோர் வடகிழக்குப் பருவம் துவங்குமுன் தத்தம் வார்டில் இம்மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கையும் சட்டமும் கையிலிருக்கையில், இனி வரும் வெள்ளத்திற்குத் 'தெய்வச் செயல்' என்ற வாதம் செல்லாது.