கணினி சொன்னால் சரியா?

1962-ஆம் ஆண்டு. பூமியைச் சுற்றிவர ஜான் கிளென் தயாராகிக்கொண்டிருந்தார். பாதையைக் கணக்கிட்டது கணினி. ஆனாலும் கிளென் ஒரு நிபந்தனை வைத்தார்: அதே கணக்கை நாசாவின் கணித வல்லுநர் கேத்தரின் ஜான்சன் கையால் போட்டுச் சரிபார்க்க வேண்டும்!

ஏன் இந்தத் தயக்கம்? ஒரு குவளை தே தாரிக்கைக் கேட்டுப் பார்ப்போம்.

தேநீரின் சூடு 90 டிகிரி, கடைக்குள் 30. கூடுதல் சூடு 60. அந்தக் கூடுதலில் நிமிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் தேநீர் ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய வேகம் நிமிடத்துக்கு 6 டிகிரி. அப்படியானால் ஐந்து நிமிடத்தில் 30 டிகிரி குறைந்து 60 ஆகிவிடுமா?

ஆகாது. ஆற ஆற, ஆறும் வேகமும் குறைகிறதே! இப்படி மாறிக்கொண்டே போகும் வேகத்தைச் சொல்வதுதான் வகைக்கெழுச் சமன்பாடு.

கணித மேதை லியோனார்ட் ஆய்லர் 1768-இல் வெளியிட்ட நூலில் இதற்கு எளிய வழி சொன்னார். சிறு சிறு அடியாகப் போக வேண்டும். ஒவ்வோர் அடியிலும் வேகத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் அடி வைத்தால் 84, 78.6 என்று இறங்கி, ஐந்தாவது நிமிடத்தில் 65.4 வரும். அரை நிமிட அடி வைத்தால் 65.9. உண்மையான விடை 66.4. அடி பாதியானால் பிழையும் ஏறக்குறைய பாதியாகிறது. ஆனால், வேலை இரட்டிப்பு.

பிறகு ஜெர்மனியின் கார்ல் ருங்கே 1895-இலும், மார்ட்டின் குட்டா 1901-இலும் இந்த வழியை மெருகேற்றினார்கள். ஓர் அடிக்குள்ளேயே நான்கு முறை வேகத்தைக் கணக்கிட்டு, அவற்றின் எடையிட்ட சராசரியை எடுப்பது அவர்கள் பெயரால் வழங்கும் முறை. அதில் ஐந்து நிமிடத்தையும் ஒரே அடியில் தாண்டினாலும் 66.4 வந்துவிடுகிறது!

தேநீருக்கு நேரடிச் சூத்திரம் உண்டு. விடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வானிலைக்கும் பல விண்வெளிப் பாதைகளுக்கும் அது இல்லை. அங்கே விடை சரிதானா என்று எப்படித் தெரியும்? அடியைப் பாதியாக்கி மறுபடி கணக்கிட வேண்டும். விடை பெரிதாக நகராவிட்டால் நம்பலாம். நகர்ந்தால் முதல் விடையை நம்பக்கூடாது.

கணினி வேகமாகக் கணக்கிடும். ஆனால் நாம் வைக்கச் சொன்ன அடி பெரிதா சிறிதா என்று அது தானாகக் கேட்காது. கேட்க வேண்டியது நாம்தான்.

ஜான்சன் மேசைக் கணிப்பொறியில் எண்களைத் தட்டிச் சரிபார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. பிப்ரவரி 20 அன்று கிளென் மூன்று முறை பூமியைச் சுற்றி, பத்திரமாகத் திரும்பினார்.