அடிக்கு ஓர் அங்குலம்

விக்டோரியா மகாராணி காலத்து (1837–1901) வீடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். செங்குத்தான கூரை, சுவரைவிட்டு வெளியே புடைத்து நிற்கும் ஜன்னல், கூரை ஓரமெங்கும் சரிகை போல மரவேலைப்பாடு. அப்படி ஒரு வீட்டை மேஜைமேல் நிற்கும் அளவில் நாமே கட்ட கிட் கிடைக்கிறது. நான் கட்டியது 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டிய துண்டுகளால் ஆனது. முன்புறம் முழு முகப்பு. பின்புறம் திறந்திருப்பதால் எல்லா அறைகளும் தெரியும்.

இந்த வேலையில் எல்லாமே 1:12 என்ற ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டது. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். ஆறடி ஆளுக்கு ஆறங்குலம், ஏழடிக் கதவுக்கு ஏழங்குலம். பார்க்கிறவர் கண் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுவிடும். வால்பேப்பரில் ஓர் அங்குலப் பூ இருந்தால், அந்த அறையில் அது ஓரடி அகலப் பூ! துணிக்கும் இதே கதிதான். சாதாரணப் பருத்தித் துணியில் திரை தைத்தால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். மெல்லிய மல் துணியை எடுத்து, கஞ்சியில் நனைத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் திரை திரையாகத் தொங்கும்.

இந்தக் கணக்கின் உச்சத்தை இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் காணலாம். புதுடெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், மேரி மகாராணிக்காக 1921 முதல் 1924 வரை உருவாக்கிய பொம்மை வீடு அங்கே இருக்கிறது. அதுவும் 1:12 தான். குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும். நூலகத்துக்கென்றே ஆர்தர் கோனன் டாயில் ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுத்தார்.

கட்டும்போது எதற்குப் பின் எது என்பதில் கவனம் வேண்டும். துண்டுகளைப் பிரித்ததுமே பின்புறம் பென்சிலால் எண் போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பசையைத் தொடும் முன், முழு வீட்டையும் மாஸ்கிங் டேப்பால் நிறுத்திப் பார்ப்பது அவசியம். மெல்லிய பிளைவுட் ஈரம் பட்டால் வளையும். அதனால் இரு பக்கமும் ப்ரைமர் அடிப்பது நல்லது. படிக்கட்டுக்கு மரச்சாயம் பூசுவதென்றால், ஒட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். பசை பட்ட மரம் சாயத்தைக் குடிக்காது. அந்த இடம் வெளுத்த திட்டாகவே நிற்கும். 12 வோல்ட் விளக்குகளுக்கான செம்புப் பட்டை முதலில், வால்பேப்பர் அதன்மேல். கூரைக்கான மர ஓடுகளைக் கீழ்விளிம்பில் தொடங்கி, வரிசைக்கு வரிசை இணைப்பு தள்ளி வரும்படி மேலேறி ஒட்டுவார்கள். தண்ணீர் கலந்த பசை ஓட்டைச் சுருளவைக்கும் என்பதால் அங்கே வேறு பசை.

உள்ளலங்காரத்தில் தாராளமாக இருக்கலாம். விக்டோரியா காலம் வெற்றிடம் விட்டுவைக்காத காலம். சுவரை மூன்றாகப் பிரித்து, கீழே அடர் நிறம், நடுவில் பூவேலை, மேலே ஓரப்பட்டை என்று அலங்கரித்தார்கள். வில்லியம் மாரிஸின் கொடியும் இலையுமான வால்பேப்பர்கள் 1860-களிலிருந்து வரத் தொடங்கின. நாற்காலி முதுகில் தலையெண்ணெய்க் கறை படியாமலிருக்க ஒரு துணி விரிப்பார்கள். என் வீட்டின் வரவேற்பறையில் அதை மெல்லிய லேஸில் வெட்டி வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து மனிதர் அங்கே உட்கார்ந்து எழுந்தார் என்று நம்பவைக்க அந்தச் சின்னத் துணி போதும்.

தொடங்க நினைப்பவர்கள் இரண்டு மூன்று அறை உள்ள கிட்டாகப் பாருங்கள். பெட்டியில் 1:12 என்று போட்டிருக்கிறதா எனச் சரிபாருங்கள். 1:24 கிட்டும் உண்டு, அதன் சாமான்கள் இதற்குப் பொருந்தாது. அலங்காரப் பொருள் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். ஸ்கேலை எப்போதும் கையில் வைத்திருங்கள். அளவு சரியாக அமைந்தால், தீக்குச்சித் துண்டுகளே கணப்பில் அடுக்கிய விறகாகிவிடும்.