‘ஃபாலி’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பேதைமையும்

ஆங்கிலத்தில் அறிவின் குறைபாட்டை உணர்த்தும் சொற்கள் பலவுள. அவற்றுள் ‘ஃபாலி’ என்பதனை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் ‘முட்டாள்தனம்’ என்று கூறி அமைவர். ‘ஸ்டுபிடிடி’ என்னும் சொல்லுக்கும் அவர் தருவது அதுவே. இவ்விரண்டனையும் ஒரு பொருட்சொற்களாகக் கொள்வது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

‘ஸ்டுபிடிடி’ என்பது, உணர்விழந்து மரத்துப்போதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியினின்று பிறந்தது. எனவே அஃது உள்ளத்தின் ஒரு நிலையைச் சுட்டுகின்றது. ‘ஃபாலி’யோ பழம் பிரெஞ்சு மொழியின் வாயிலாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலம் புக்க சொல். அதன் மூலமாகிய ‘ஃபோல்லிஸ்’ என்னும் இலத்தீன் சொல் துருத்தியையும் காற்றடைத்த தோற்பையையும் குறித்தது. காற்றே நிறைந்த தலையினன் என்னும் எள்ளலால் அது பிற்கால இலத்தீனில் மூடனுக்குப் பெயராயிற்று. ஆயினும், சொற்பிறப்பொன்றையே கொண்டு பொருளைத் துணிதல் முறையன்று. வழக்கே சான்றாதல் வேண்டும்.

வழக்கை நோக்குமிடத்து, ‘ஃபாலி’ பெரும்பாலும் செயலைப் பற்றியே வரக் காண்கிறோம். ‘இன்னது செய்தல் ஃபாலியாகும்’ என்பது ஆங்கிலேயர் எச்சரிக்கும் முறை. ‘இளமையிற் செய்த ஃபாலிகள்’ எனப் பன்மையில் எண்ணுதலும் உண்டு. அறிவே இல்லாதவனை நோக்கி இவ்வாறு எச்சரிப்பதிற் பயனில்லை. மாற்றுவழி ஒன்றை அறியவல்லவனிடத்தேதான் இச்சொல்லுக்கு இடமுண்டு என்க.

இதனை விளக்கக் கட்டடக்கலை வழக்கொன்று பெரிதும் உதவும. பயன்பாடு கருதாது பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய கட்டடத்தையும் ஆங்கிலேயர் ‘ஃபாலி’ என்பர். ஹேக்லிப் பூங்காவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாண்டர்சன் மில்லர் அமைத்த கோட்டை, கட்டும்பொழுதே இடிந்து பாழ்பட்டது போலக் கட்டப்பட்டதாகும். இடிபாட்டைத் திட்டமிட்டுக் கட்டுதற்கும் நிரம்பிய திறம் வேண்டுமன்றோ? இனி, நார்தாம்ப்டன்சயரில் தாமசு திரெசாம் 1593 முதல் 1597 வரை கட்டிய முக்கோண மனையும் இவ்வகையிலேயே வைத்து எண்ணப்படுகின்றது. பக்கங்கள் மூன்று, நிலைகள் மூன்று, பக்கம் ஒவ்வொன்றும் 33 அடி நீளம். கத்தோலிக்கராதல் பற்றிப் பல்லாண்டு சிறையிருந்த அவர், தம் சமயத்தின் மும்மைக் கடவுட் கொள்கையைக் கல்லில் அமைத்தார். கட்டியவர்க்கு அது வழிபாடு, காண்பார்க்கோ ‘ஃபாலி’. ஆகவே இச்சொல் பிறர் வழங்கும் தீர்ப்பாகவும் நிற்பதை உணர்தல் வேண்டும். அத்தீர்ப்புப் பிழைபடுதலும் உண்டு. அமெரிக்க அமைச்சர் சீவர்டு 1867இல் 72 இலட்சம் டாலருக்கு உருசியரிடமிருந்து அலாசுக்காவை வாங்கியபொழுது, எதிர்ப்பாளர் சிலர் அதனை அவருடைய ‘ஃபாலி’ என்று நகையாடினர். பின்னர் அந்நிலத்திற் பொன்னும் எண்ணெயும் கிடைத்தன.

வரலாற்றாசிரியர் பார்பரா டக்மன் 1984இல் வெளியிட்ட நூலொன்றில் இச்சொல்லை அரசியலுக்கு உரியதாக்கி வரையறை செய்தார். ஓர் அரசு தன் நலத்திற்கு மாறானதொரு வழியை மேற்கொள்ளுதல். அதன் கேடு அக்காலத்தார்க்கே புலப்பட்டிருத்தல். வேறு வழியும் இருத்தல் ஆகியவை அவர் வேண்டும் இயல்புகளுள் அடங்கும். இதனைப் படிக்கும் தமிழ் மாணவர்க்குத் திருக்குறளின் 84ஆம் அதிகாரம் நினைவிற்கு வாராதிராது. ஆங்குப் பேதைமைக்கு இலக்கணம் வகுக்கும் முதற் குறள் கல்வியின்மையைச் சுட்டவில்லை. கேட்டைக் கைக்கொண்டு ஆக்கத்தைக் கைவிடுதலையே சுட்டுகின்றது. கல்லாமைக்கு 41ஆம் அதிகாரம் தனியே உளது. அன்றியும் 834ஆம் குறள், நூல்களை ஓதியும் உணர்ந்தும் பிறர்க்கு எடுத்துரைத்தும் தான் அதன்வழி ஒழுகாதவனையே பேதையருட் பெரும்பேதை என்கிறது. கற்றவனிடத்தும் பேதைமை உண்டென்பது இதனாற் பெறப்படும். போப்பையர் 1886இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இவ்வதிகாரத்திற்கு ‘ஃபாலி’ என்றே தலைப்பிட்டார். அவர் ஆங்கிலத்திற் கண்ட இணையை நாம் தமிழிற் கைவிட்டு ‘முட்டாள்தனம்’ என்பது வியப்பே.

எராசுமசு எழுதி 1511இல் அச்சேறிய இலத்தீன் நூலின் ஆங்கிலப் பெயரிலும் இச்சொல் உண்டு. அந்நூலில் தன்னைத் தானே புகழ்ந்து பேசுவது பெண்ணுருவம் பெற்ற ‘ஃபாலி’. ‘பேதை’ என்பது பெண்ணையும் உணர்த்தும் சொல்லாதலின், அத்தலைப்பைத் தமிழாக்குவார்க்குப் ‘பேதைமை’ இருமடங்கு பொருந்தும்.

எனினும் எல்லா இடத்தும் இது பொருந்துமென்றல் இயலாது. இச்சொல்லுக்கு ஒழுக்கக்கேடு என்னும் பழம்பொருளும் உண்டு. சேக்சுபியரின் ‘ஒத்தெல்லோ’ நாடக இறுதியிற் கணவன் மனைவிமேற் சாற்றும் ‘ஃபாலி’ கற்புப் பிறழ்தலாம். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் தொடக்க நூல் 34ஆம் அதிகாரத்தில், யாக்கோபின் மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை இச்சொல்லாற் குறிக்கப்பெறுகின்றது. ஆண்டுள்ள எபிரேயச் சொல் பெரும்பழிக்குரிய செயலைக் குறிப்பது. அவ்விடங்களிற் ‘பேதைமை’ என்பது குற்றத்தை மெலிவித்துவிடும்; ‘இழுக்கு’ என்றோ ‘பழிச்செயல்’ என்றோ இடம் நோக்கி மொழிபெயர்த்தலே தக்கது.