மிச்சமான நடையை எங்கே சேமித்தோம்?

மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் பெற வங்கிக்கு நடந்து செல்வது, நம் நாட்டின் முதியவர்கள் பலருக்கு நெடுங்காலம் ஒரு கடமையாகவும் ஒரு சிறு உலாவாகவும் இருந்தது. வங்கியில் பணம் எடுத்து, கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்துகொண்டு, அங்கிருந்து மின்கட்டண அலுவலகம், அஞ்சலகம், திரும்பும் வழியில் காய்கறிக் கடை என்று அந்த நாள் கால்களின் நாளாகவே கழியும். நடந்தவர்கள் எவரும் அதை உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை. வேலை முடிய வேண்டுமென்று நடந்தார்கள். உடல் தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது.

இன்று நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டில் அறிமுகமான யுபிஐ, பணம் செலுத்தும் வேலையை உள்ளங்கைக்குள் கொண்டுவந்துவிட்டது. மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை என அனைத்தும் அமர்ந்த இடத்திலேயே முடிகின்றன. இந்த வசதியை நமக்கு அளித்ததில் வங்கிகளுக்கும் பெரும் பங்குண்டு. அதில் நாம் பெருமையும் கொள்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிச்சமான நேரத்தை வேறு பணிகளில் செலவிட்டோம். மிச்சமான நடையை எங்கே சேமித்தோம்?

குறைந்துவரும் இருப்பு

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு இக்கேள்விக்குக் கவலை தரும் விடையைத் தருகிறது. 2000-ஆம் ஆண்டில் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்களாக இருந்தனர். 2022-இல் அது 49 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அதாவது இருவரில் ஒருவர் உடலுக்குத் தேவையான அளவு அசைவதில்லை. ஆண்களில் இது 42 விழுக்காடு. பெண்களில் 57 விழுக்காடு.

இதன் விளைவு மருத்துவமனைகளில் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர். இந்த இரண்டாவது எண்ணிக்கையே நம் கவனத்துக்கு உரியது. ஏனெனில் வாயிலில் நிற்பவர்களில் பலர் திரும்பி நடக்க இன்னும் வழி இருக்கிறது.

அதற்கான சான்றும் நம் நாட்டிலேயே கிடைத்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு உணவு முறையில் மாற்றமும் அன்றாட நடையும் அறிவுறுத்தப்பட்டன. அறிவுரை பெறாத பிரிவினரோடு ஒப்பிடுகையில், இவர்களிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எடைக் கருவியின் முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடும் நம்மில் பலருக்கு இது ஒரு பாடம்.

ஓட்டுநரும் நடத்துநரும்

உடலியக்கத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று, ஒரு பேருந்துக்குள் நடந்தது. லண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக்காக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கினார். அதே பேருந்து, அதே சாலை, ஏறத்தாழ அதே வாழ்க்கைச் சூழல். ஆயினும் நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாகவே காணப்பட்டது. அஞ்சல் கொண்டு சென்றவர்களையும் மேசைப் பணியில் இருந்த எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத் தெரிந்தது.

நடத்துநர் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லவில்லை. தனி உடை, தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. அவருடைய இயக்கம் பணியோடு கலந்திருந்தது. நம் அன்றாடத்திலும் இயக்கம் அவ்வாறு கலந்திருந்தால்தான் நிலைத்து நிற்கும். புத்தாண்டில் தொடங்கிப் பொங்கலோடு முடிந்துபோகும் உறுதிமொழிகளை நாம் நன்கு அறிவோம்.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது?

நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்பவை நம் தசைகள். ஓய்வில் இருக்கும் தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் துணை தேவை. இயங்கும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. உணவுக்குப் பின் பத்து நிமிடம் மெல்ல நடப்பது பயன் தருவதற்கு இதுவே காரணம்.

கெண்டைக்கால் தசைகளின் பணியும் எண்ணத்தக்கது. கால்களுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் மேலே ஏற, இத்தசைகள் சுருங்கி விரிந்து அதைத் தள்ளிவிட வேண்டும். மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும்போது இந்த வேலை நின்றுபோகிறது. மாலையில் பாதங்கள் வீங்குவதும் கால்கள் கனப்பதும் பலருக்கு இதன் அடையாளமே.

எவ்வளவு தேவை?

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சியாயின் 75 முதல் 150 நிமிடங்கள் போதும். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலிமையூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களேனும் உடல் சமநிலைக்கான பயிற்சிகளையும் செய்வது நல்லது.

மிதமான இயக்கம் எது என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே அளவு.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற கணக்கை நம்மில் பலர் வேதவாக்காகக் கொள்கிறோம். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியின் பெயரே அது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள ஏறத்தாழ 17,000 பெண்களிடம் நடத்தப்பெற்று 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தென்படவில்லை. ஆகவே பத்தாயிரத்தை எட்ட இயலாதவர்கள் சோர்வடைய வேண்டியதில்லை. இரண்டாயிரத்தில் நிற்பவர் நான்காயிரத்துக்கு நகர்வதே பெரிய ஆதாயம்.

தொடர்வைப்புக் கணக்குப் போல

தொடர்வைப்புக் கணக்கு வைத்திருப்போர் இதை எளிதில் உணர்வர். ஒரே நாளில் பெருந்தொகையைச் செலுத்த இயலாதவரும் மாதந்தோறும் சிறுதொகை செலுத்தி முதிர்வுத் தொகை பெறுகிறார். காலை, நண்பகல், இரவு உணவுகளுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் நாளொன்றுக்கு 30 நிமிடம். வாரத்தில் ஐந்து நாட்கள் இதைச் செய்தால் 150 நிமிடம் நிறைவடைகிறது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அலுவலகத்தில் இருப்போர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கலாம். தண்ணீர்ப் புட்டியை மேசை மேல் வைத்துக்கொள்ளாமல், குடிநீர் இருக்கும் இடத்துக்கு நடந்து சென்று குடிக்கலாம். கைப்பேசி அழைப்புகளை நடந்துகொண்டே பேசலாம். இரண்டு மாடிகளுக்கு மின்தூக்கியைத் தவிர்க்கலாம். பேருந்திலோ மெட்ரோவிலோ வருவோர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கலாம்.

வலிமைப் பயிற்சிக்கும் வீட்டில் இருப்பவையே போதும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது தொடைகளுக்கு நல்ல வேலை. சுவரில் கைகளை ஊன்றி மார்பைச் சுவருக்கு அருகே கொண்டுசென்று மீள்வது தோள்களுக்கு உதவும். பல் துலக்கும்போது குதிகால்களை உயர்த்தி இறக்கலாம். இன்று முழங்கால் வலி இல்லாதவர்கள், நாளில் ஒருவேளையாவது தரையில் சம்மணமிட்டு உண்ணும் பழைய வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் நன்று. தரையிலிருந்து துணையின்றி எழும் ஆற்றல் முதுமையில் பெருஞ்செல்வம்.

முப்பது வயதைக் கடந்தபின் தசைகள் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றன. அறுபதுக்குப் பின் அந்த இழப்பு விரைவடைகிறது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததால் இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ நேர்ந்த முதியவர்களை நாம் நம் குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம். கால்களில் வலிமையும் சமநிலையும் உள்ளவர் தடுமாறினாலும் தம்மை நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி.

சோர்வு எப்போதும் சோம்பல் அன்று

‘நடக்கலாம்தான், எழுந்திருக்கவே தெம்பில்லையே’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிடுதல் தவறு. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும், மாலைக்குள் உடல் தளர்வதும் இரும்புச்சத்துக் குறைவின் வெளிப்பாடாக இருக்கலாம். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, அறியப்படாத நீரிழிவு ஆகியவையும் இதே முகத்துடன் வருகின்றன. சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வுக்கு ஊக்கவுரை மருந்தாகாது; இரத்தப் பரிசோதனையே முதற்படி.

கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து எளிதில் உட்கிரகிக்கப்படும். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் அது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நல்லது. இரவில் ஏழு மணி நேர உறக்கமும், நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு மிகாத உப்பும் இவற்றோடு சேரட்டும்.

பெண்களிடம் இயக்கக் குறைவு மிகுந்திருப்பதற்குக் காரணம் விருப்பமின்மை அன்று. விடிந்தது முதல் அடுப்படி, அதன்பின் அலுவலகம், திரும்பியதும் மீண்டும் அடுப்படி என்றிருப்பவருக்குத் தனக்கென்று அரை மணி நேரம் கிடைப்பது அரிது. வெளிச்சமில்லாத தெருவும் நடைபாதையில்லாத சாலையும் கிடைத்த நேரத்தையும் பறிக்கின்றன. குடும்பத்தில் மற்றவர்கள் இரவுப் பாத்திரங்களைத் துலக்கிவைத்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு நடைக்கான நேரம் கிடைக்கும். நலவாழ்வு பற்றிய அறிவுரைகளில் அதிகம் பேசப்படாத அறிவுரை இது.

கவனிக்க வேண்டியவை

இதயநோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், மூட்டுச் சிதைவு உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். நடக்கும்போது மார்பில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி உதவி பெறுதல் வேண்டும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் கையில் சிறிது இனிப்பு வைத்திருப்பதும், பாதங்களில் புண் உள்ளதா என்று அன்றாடம் பார்ப்பதும் அவசியம். கோடையில் வெயில் ஏறுமுன் நடக்கலாம். குளிர்காலத்தில் புகைமூட்டம் சூழும் வடமாநில நகரங்களில், காற்றின் தரம் மோசமான நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடப்பது மேல்.

ஆண்டுக்கொரு முறை உடற்பரிசோதனையும் தேவை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்போர், மருத்துவக் காப்பீட்டுக்குரிய கழிவின் உச்சவரம்புக்குள், முன்தடுப்புப் பரிசோதனைக்கென 5,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். இச்செலவை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் கழிவு உண்டு; காப்பீட்டுத் தவணைக்கு அவ்வாறில்லை. ரசீதைப் பத்திரப்படுத்துக.

மருத்துவக் காப்பீடு எடுத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றியமையாதது. அது சிகிச்சையின் செலவைத் தாங்கும். இழந்த வலிமையைத் திருப்பித் தராது. அந்தக் கணக்கில் நமக்காகப் பிறர் பணம் செலுத்த இயலாது. கடன் பெறவும் வழியில்லை.

ஆகவே இன்றிரவு உணவு முடிந்ததும் கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு, வீட்டில் இருப்போரை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து வருவோம். பத்து நிமிடம் போதும். முதல் தவணை செலுத்தியாயிற்று.